இதர குறிப்புகள்

அக்டோபர் 30

இந்த டைரியை ஜனவரியில் கூட்டுறவுச் சங்கத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். பத்து மாதமாக எழுதும்படி எனக்கு ஒன்றும் நேரவில்லை. நேற்று மாலை நேர்ந்தது.

எங்கள் மூத்த குடிமக்கள் மன்றத்தில் பக்கவாதம் பற்றி டாக்டர் நஸ்ரின் பானு பேசினார். மன்றத் தலைவர் என்ற முறையில் நான் முன்னுரையாக நாற்பது நிமிடம் பேசினேன். டாக்டருக்குப் பதினைந்து நிமிடம் மிஞ்சியது. தென்காசியில் அடைமழையில் இருபத்தெட்டுப் பேர் கூடியதற்கு நான் காரணமா, டாக்டர் காரணமா, கீரைவடை காரணமா என்பதை வரலாறு முடிவு செய்யட்டும்.

டாக்டர் சொன்னவை: முகம் ஒரு பக்கம் கோணும். ஒரு கையோ காலோ தளரும். பேச்சு குழறும். கண் மறைக்கும். நடை தடுமாறும். சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று பிசகினாலும் மணியைப் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. கடைசியாகச் சொன்னதை மட்டும் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: "பத்து நிமிஷத்துல தானா சரியாப் போச்சுன்னா சந்தோஷப்பட்டு வீட்டுல இருந்துடாதீங்க. பெருசா ஒண்ணு பின்னாடி வரப்போகுதுன்னு அர்த்தம்."

வீடு திரும்பும் வழியிலேயே எனக்கு ஐந்து அறிகுறிகளும் தொடங்கிவிட்டன.

ஆகவே இந்த டைரி. முப்பத்து நான்கு வருடம் நூலகராக இருந்தவன் நான். தலைப்புப் போட்டு அடுக்காவிட்டால் தூக்கம் வராது. முதல் தலைப்பு 'உடல்நிலை'. இதில் என்னுடையது மட்டும். இரண்டாவது 'இதர'. வீட்டுச் சங்கதிகள், குறைகள், வாங்க வேண்டியவை. இரண்டும் கலக்கக் கூடாது. தவறான அலமாரியில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம் என்று என்னிடம் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லி அவர்களை என்னைக் கண்டாலே ஓடும்படி செய்திருக்கிறேன்.

நவம்பர் 1

உடல்நிலை: தினமும் காலை 6.40-க்குச் சோதனை என்று முடிவு செய்தேன். ஆனால் தன் சிரிப்பைத் தானே மதிப்பிடுவது அரசியல்வாதிகளுக்கு மட்டுமே கைவந்த கலை. தேர்வாளர் வேண்டும். மனைவி உலகம்மாளை நியமித்தேன். அரசுப் பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியை. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் கழுத்தில் விசில் தொங்குகிறது. மாடியில் படித்துக்கொண்டிருக்கும் என்னைச் சாப்பாட்டுக்கு அழைப்பது அதில்தான். ஒரு ஊதல் என்றால் காபி, இரண்டு என்றால் சாப்பாடு, நீளமாக ஒன்று என்றால் விருந்தாளி. சட்டை போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

"சிரிங்க" என்றாள். சிரித்தேன்.

"ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

"கோணலா இருக்கா, அதைச் சொல்லு."

"கல்யாணத்தன்னைக்கு இருந்த கோணல்தான். புதுசா ஒண்ணுமில்ல. கையத் தூக்குங்க."

தூக்கினேன்.

"என்ன இது, ஈரத்துணி காயப்போட்ட மாதிரி? ஆறாங்கிளாஸ் பிள்ளைகூட இதைவிட நல்லா தூக்கும்."

வாக்கியத்தை நானே இயற்றியிருந்தேன். 'கடலை எண்ணெயில் பொரித்த கருணைக்கிழங்கு எனக்குக் காலமெல்லாம் விலக்கப்பட்டது.' பிழையில்லாமல் சொன்னேன். கண்ணீரும் வந்தது, அது அறிகுறி அல்ல.

நூற்றுக்கு நாற்பது போட்டாள்.

இதர: ஒன்றுமில்லை.

நவம்பர் 2

உடல்நிலை: இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கினேன். காலை 138/88. மதியம் 142/90. கருவி சரியாக இருக்கிறதா என்ற கவலையில் மாலை 150/94.

இதர: உலகம்மாளின் பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டதாம். வாங்க வேண்டும். அவளுக்குப் பதினொரு வருடமாக பி.பி. உண்டு. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை என்பதால் எனக்கு அடிக்கடி மறந்துபோகும்.

நவம்பர் 5

உடல்நிலை: சோதனையில் 42. முன்னேற்றம்.

இதர: காபி தம்ளர் உலகம்மாளின் கையிலிருந்து நழுவி என் செய்தித்தாளில் தலையங்கம் முழுவதும் கொட்டியது. இடது கை. "விரல்ல பிடிப்பே இல்லாம போச்சு. இப்ப சரியாயிட்டு" என்றாள். தலையங்கம் சரியாகவில்லை. தம்ளர்கள் வழுக்குகின்றன, விளிம்பு வைத்ததாக வாங்க வேண்டும்.

நவம்பர் 6

உடல்நிலை: காலை 9.15. அதிர்ச்சி. எழுத்துகள் மிதந்தன. ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிந்தது. கைப்பேசியில் 1, 0 அழுத்திவிட்டு 8-ஐத் தேடினேன். அதுவும் மிதந்தது. உலகம்மாள் வந்து என் முகத்திலிருந்து தன்னுடைய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனாள். 9.17-க்குப் பார்வை திரும்பியது.

இரண்டு நிமிடத்தில் தானாகச் சரியானது என்பதைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

நவம்பர் 7

உடல்நிலை: மருந்துக்கடைக்குப் போனேன். கருவிக்கு பேட்டரி வாங்கினேன்.

இதர: மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். உலகம்மாள், "உங்க மிஷினுக்குப் பசியாறிட்டா?" என்று கேட்டாள்.

நவம்பர் 9

உடல்நிலை: 44. மாலை நடை 2,150 அடிகள்.

இதர: நடைக்கு உலகம்மாளும் வந்தாள். கோயில் வாசல் தாண்டிப் பூக்கடை வரை போனபிறகு பூக்காரம்மாள், "டீச்சர், ஒரு கால் செருப்பை எங்க விட்டிய?" என்று கேட்டார். பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. ஈரத்தெருவில் அரைப் பர்லாங்கு வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். தெரியவில்லையாம். திரும்பிப் போய் எடுத்து வந்தேன். "வாரு தளர்ந்துட்டு போல" என்றாள். வார் நன்றாகத்தான் இருந்தது. காலணிகளின் தரம் குறைந்துவருவது பற்றி வழிநெடுக விளக்கினேன். வழக்கமாகப் பாதியில் நிறுத்தச் சொல்பவள், இன்று முழுவதும் கேட்டாள்.

நவம்பர் 11

உடல்நிலை: இன்றைய நாள் தனித் தொகுதியாகவே வெளியிடத் தக்கது.

பகல் 11.20-க்கு வாசிப்பை முடித்து எழுந்தேன். வலது கால் என்னுடையதாக இல்லை. தட்டினேன், கிள்ளினேன், உணர்ச்சியில்லை. கத்தினேன். எதிர்வீட்டு ஆவுடையப்பன் ஓடி வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் தொடுவதற்கு முன்பும் புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். என்னையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, சப்ளை இருக்கு. பயப்படாதிய" என்றார்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது காலில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. உள்ளே நானே நடந்து போனேன். அவசரப் பிரிவில் டாக்டர் நஸ்ரின் பானுதான் இருந்தார்.

"எப்படி உக்காந்திருந்தீங்க சார்?"

"சம்மணம் போட்டு. புத்தகம் பெரியது."

"எவ்வளவு நேரமா?"

"இரண்டே முக்கால் மணி நேரம்."

"புத்தகத்தை மாத்துங்க" என்றார் டாக்டர். பி.பி. இரண்டு முறை பார்த்தார். இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். மருத்துவத் துறை என்னை அலட்சியம் செய்தது என்று சொல்ல முடியாது.

இதர: இவ்வளவுக்கும் உலகம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வரும்போது இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "குளிருதா?" என்று கேட்டேன். "மதமதன்னு இருக்கு. உங்களைத் தூக்குனதுல சுளுக்கியிருக்கும்" என்றாள். நான் எடை குறைய வேண்டும் என்பதைக் குத்திக்காட்டுகிறாள்.

நவம்பர் 12

உடல்நிலை: நேற்றைய அனுபவத்தில் பல குறைகள் தெரிந்தன. ஒருவருக்கும் செயல்முறை தெரியவில்லை. ஆகவே உலகம்மாளின் உபயோகத்துக்காக ஓர் அறிவிப்பு எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன்:

எனக்கு வந்தால்
மணியைப் பார். எழுதிக்கொள்.
108-ஐக் கூப்பிடு. அழுவது பிறகு.
என் வாயில் எதையும் ஊற்றாதே. சோடா, காபி, மாத்திரை, தீர்த்தம் எதுவும்.
என்னை ஒருக்களித்துப் படுக்க வை.
ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போ.
ஆவுடையப்பன் சொல்வதைக் கேட்காதே.

ஆவுடையப்பன் இதை வாசித்துவிட்டு வருத்தப்பட்டார்.

"எங்க மாமாவுக்கு இழுத்துக்கிட்டப்ப புறா ரத்தம் தேய்ச்சோம், அண்ணாச்சி."

"குணமாச்சா?"

"புறா செத்துட்டு."

"மாமா?"

"அவரும்தான். ஆனா சூடு பரவுச்சுன்னு சொன்னாரு."

இதர: மாத்திரை. நாளை கட்டாயம்.

நவம்பர் 14

உடல்நிலை: 45. இதுவரை இதுதான் உச்சம்.

இதர: இன்று மாலை வீட்டில் அபூர்வமான அமைதி. உலகம்மாள் தினமும் ஆறு மணிக்குச் சங்கரன்கோவிலில் இருக்கும் தன் அக்காவோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். அவள் குரலுக்கு இரண்டு ஊருக்கும் இடையே தொலைபேசி அவசியமா என்று நான் கேட்பதுண்டு. இன்று ஐந்தாவது நிமிடத்தில் வெற்றிலை குதப்பியவள் போல் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு வெற்றிலைப் பழக்கமில்லை. பிறகு பத்து நிமிடம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சகோதரிச் சண்டை. நான் தலையிடவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பத்துப் பக்கம் படித்தேன்.

அக்கா திரும்பக் கூப்பிட்டு என்னிடம், "அவளுக்கு என்னய்யா, நாக்கு தடிச்ச மாதிரி பேசுதாளே?" என்று கேட்டாள். "மழைக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்றேன். நோய்களைப் பற்றி இப்போது எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

நவம்பர் 15

உடல்நிலை: 43. இரண்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று முறையிட்டேன். "தலை கோணலா இருந்துச்சு" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடிதான் கோணல்.

இதர: உலகம்மாள் மாத்திரையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளே வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது.

நவம்பர் 18

உடல்நிலை: 44.

இதர: மதியம் சாப்பாட்டுக்கு விசில் வரவில்லை. கீழே இறங்கினேன். உலகம்மாள் விசிலை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டுதான் இருந்தாள். காற்று வாயின் இடது ஓரமாகப் புஸ்ஸென்று போய்விட்டது. கன்னத்தை அழுத்திக்கொண்டு மறுபடி ஊதினாள். புஸ். இருவரும் சிரித்தோம். சாப்பிட்டு முடித்தபோது நன்றாகவே ஊதியது. உள்ளே இருக்கும் பட்டாணி தேய்ந்திருக்கும். புது விசில் வாங்க வேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதே விசில்.

நவம்பர் 20

மழை. இருவரும் நலம்.

நவம்பர் 22

உடல்நிலை: காலை 6.40 சோதனை தொடக்கம். 6.44 சிரிப்பு 45. கை

நவம்பர் 22, மாலை

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்ச். அன்று அவள் எனக்காக உட்கார்ந்திருந்த அதே பெஞ்ச்தான்.

வரிசையாக எழுதுகிறேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

6.44-க்கு நான் கைகளைத் தூக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எலெக்சன்ல ஜெயிச்சவன் கும்பிடுத மாதிரி தூக்குதிய. இங்க பாருங்க. தோளு நேரா. விரலு சேந்து" என்று தானே தூக்கிக் காட்டினாள். இருபத்தொன்பது வருடம் ஆயிரம் பெண்களுக்கு முன்னால் தூக்கிய கைகள். இரண்டும் நேராக மேலே போயின. வலது நின்றது. இடது மெல்லக் கீழே இறங்கியது, யாரோ கயிற்றைத் தளர்த்திவிட்டது போல.

நான் தூக்கும் அழகை நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கைதட்டினேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று கால் மணி நேரம் யோசித்தேன். கைதட்டினேன்.

அவள் தன் கையைப் பார்த்தாள். யார் வீட்டுக் கை என்பது போல. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வலது பாதி சிரித்தது, இடது பாதி சும்மா இருந்தது.

"உலகு, சொல்லு. கடலை எண்ணெயில் பொரித்த..."

சொன்னாள். இருபத்திரண்டு நாள் என்னிடம் கேட்ட வாக்கியம். அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. இருபத்தெட்டுப் பேருக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசியவனுக்கு ஒரு வரியும் நினைவில்லை. அவளை நாற்காலியில் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குத் தண்ணீர் எடுக்க ஓடினேன். வாயில் ஊற்றுவதற்கு. குளிர்பதனப் பெட்டியில் என் கையெழுத்து. 'என் வாயில் எதையும் ஊற்றாதே.' செம்பை வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். 'எனக்கு' என்பதை 'அவளுக்கு' என்று மாற்றி மாற்றி, வாய்விட்டு.

மணி 6.46. எழுதினேன். 108. அழவில்லை.

ஆவுடையப்பன் சத்தம் கேட்டு வந்தார். பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மதினி... ஐயோ மதினி. அண்ணாச்சி, வாயுப்பிடிப்பா இருக்கும், ஒரு சோடா ஒடைச்சிட்டு வாரேன். இல்லன்னா வைத்தியரு வீட்டுல புறா..."

"ஆவுடையப்பன்!" என்று கத்தினேன். நூலகத்தில் வாழ்ந்தவன்; இந்த வாழ்க்கையில் இன்னொருவர் மேல் சத்தம் போட்டது அதுதான் முதல் முறை. "ஆறாவது வரியை வாசிங்க!"

வாசித்தார். வெளியே போய் மழையில் நின்று வண்டிக்கு வழி காட்டினார். நல்ல மனிதர். அந்த வரியை அடிக்க வேண்டும்.

7.05 வண்டி. 7.24 ஆஸ்பத்திரி. டாக்டர் நஸ்ரின் பானு என்னைப் பார்த்ததும், "சார், இன்னைக்கு எந்தக் கா..." என்று தொடங்கினார். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வீணாக்கவில்லை.

"கடைசியா நல்லா இருந்தது எப்போ? கரெக்டா வேணும். 'காலையில'ன்னு சொல்லாதீங்க."

டைரியைக் காட்டினேன். 6.44 சிரிப்பு 45. கை.

"இது யாரோட மார்க்?"

"என்னுடையது. போட்டது அவள்."

"அப்போ ஆறு நாப்பத்திநாலுக்கு நல்லாப் பேசினாங்க." எழுதிக்கொண்டார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரத்தக் கசிவு இல்லை, அடைப்புத்தான் என்றார்கள். ஆனால் பி.பி. 210. அதை இறக்கினால்தான் ஊசி போட முடியும்.

"பி.பி. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாங்களா?"

"சாப்பிடுகிறாள்" என்றேன். உடனே டைரி கையில் கனத்தது. "இல்லை. மூன்று வாரமாக இல்லை. நான் வாங்கித் தரவில்லை."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கு முன்னாடி கை மரத்துப்போறது, பேச்சு குழறுறது, ஏதாவது இருந்துச்சா? சின்னதா, வந்து போன மாதிரி?"

"இல்லை டாக்டர். அவள் ரொம்ப ஆரோக்கியமானவள். பி.டி. டீச்சர்."

சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். பழக்கதோஷம்; கேள்வி கேட்டால் பட்டியலைப் பார்ப்பவன். 'உடல்நிலை' என்ற தலைப்பின் கீழ் அவளைப் பற்றி ஒன்றுமில்லை. கண் கீழே இறங்கியது.

இதர: தம்ளர், இடது கை. இதர: செருப்பு, இடது கால். இதர: மதமதன்னு இருக்கு. இதர: வெற்றிலை குதப்பியவள் போல். இதர: விசில், வாயின் இடது ஓரம்.

வாய்விட்டு வாசித்தேன். ஆண்டறிக்கை வாசிப்பது போல, தேதியோடு. முடித்ததும் டாக்டர் டைரியை வாங்கி ஒருமுறை புரட்டினார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அவர் சொன்னதே இருந்தது, இரண்டு கோட்டோடு.

"இவ்வளவு தெளிவா எழுதிவெச்சு யாரும் கொண்டுவந்ததில்ல சார்" என்றார்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாத அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு.

பி.பி. இறங்க நேரமானது. 8.41-க்கு ஊசி போட்டார்கள். இனி பார்க்க வேண்டும் என்றார்கள்.

நவம்பர் 23

கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். இடது கை படுக்கையில் அப்படியே கிடந்தது.

ஆவுடையப்பன் இட்லி கொண்டுவந்தார். கூடவே ஒரு பை. உள்ளே அந்த மாத்திரை, ஒரு மாதத்துக்கு. "இனிமே நான் வாங்கிப் போடுதேன். நீங்க உங்க கால மட்டும் பாருங்க, அண்ணாச்சி" என்றார். இந்த வயதில் இவ்வளவு மென்மையான அடியை நான் வாங்கியதில்லை.

நவம்பர் 24

விரல் அசைந்தது. சுண்டுவிரல். காலை 10.12. நர்ஸிடம் சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன். லிஃப்டில் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன்.

நவம்பர் 27

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, 'இதர' பகுதி முழுவதையும் படுக்கையருகே உட்கார்ந்து வாசித்தேன். மாத்திரை உட்பட. கைதட்டியது உட்பட. பேச்சு இன்னும் குழறல்தான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறாள்.

"எனக்கும்... தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"செருப்பு அன்னைக்கே... பயமா இருந்துச்சு. நீங்க... கெடந்து பதறுதிய. ஒரு வீட்டுக்கு... ஒரு நோயாளி போதும்னு... இருந்துட்டேன்."

வீட்டில் நோயாளி என்ற பதவிக்கு ஒரு இடம்தான் இருந்தது. அதில் நான் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கைதட்டுனத... மட்டும்... மன்னிக்க மாட்டேன்" என்றாள். வாயின் வலது பக்கம் சிரித்தது. இடது ஓரமும் கொஞ்சம் முயன்றதாக எனக்குத் தோன்றியது. நான் நடுநிலையான சாட்சி அல்ல.

டிசம்பர் 4

வீடு. பூக்காரம்மாள் ஒரு முழம் பிச்சிப்பூ கொடுத்தனுப்பியிருந்தார். இடது செருப்புக்குப் பின்வார் வைத்துத் தைத்து வாங்கினேன்.

குளிர்பதனப் பெட்டியில் புதிய அறிவிப்பு ஒட்டினேன். 'எனக்கு வந்தால்' என்பது 'இந்த வீட்டில் யாருக்கு வந்தாலும்' என்று திருத்தப்பட்டது. ஆறாவது வரி நீக்கப்பட்டது. ஆவுடையப்பன் வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒரு நகல் கேட்டார். மன்றத்துக்கு இருபத்தெட்டு நகல் எடுத்தேன். அடுத்த கூட்டத்தில் டாக்டருக்கு நாற்பது நிமிடம். எனக்கு ஒன்றுமில்லை. வடை உண்டு.

டிசம்பர் 9

உடல்நிலை (உலகம்மாள்): மாத்திரை காலை 7.00, என் கையால். பி.பி. 132/84. நடை, வாசல் வரை இரண்டு முறை, செருப்போடு. இடது கை தோள் உயரம் வரை, நாலு விநாடி. விசில்: புஸ்.

டிசம்பர் 12

விசில்: புஸ். கன்னத்தை நான் அழுத்திப் பிடித்தேன். என் மேல் எச்சில் தெறித்தது. "வேணும்னே செய்யுதே" என்றேன். "ஆமா" என்றாள். தெளிவாக.

டிசம்பர் 17

உடல்நிலை: காலை 6.40. இப்போது தேர்வாளர் நான்.

"சிரி" என்றேன். சிரித்தாள். இரண்டு பக்கமும், இடது சற்றுத் தாமதமாக, வெளியூர்ப் பேருந்து போல. ஆனால் வந்து சேர்ந்தது.

"கை."

வலது மேலே போனது. இடது தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, நடுங்கிக்கொண்டே நின்றது. நான் எண்ணினேன். பத்து விநாடி. இறங்கவில்லை. இந்த முறை கைதட்டவில்லை.

"சொல்லு."

"கடலை எண்ணெயில்... பொரித்த கருணைக்கிழங்கு... உங்களுக்குத்தான் விலக்கு. எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குப் பொரிக்கப்போறேன்."

வாக்கியம் மாற்றப்பட்டதற்காக ஐந்து மதிப்பெண் குறைத்து எண்பது போட்டேன். முறையிட்டாள். நிராகரித்தேன். மாடிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். கால் நீட்டி, நாற்காலியில்.

பகல் 1.05. கீழேயிருந்து ஒரு புஸ். நான் அசையவில்லை. இன்னொரு புஸ். பிறகு விசில். ஒன்று. சற்று இடைவெளி விட்டு, இரண்டு. சாப்பாடு. விசிலைக் கேட்டு எதிர்வீட்டிலிருந்து ஆவுடையப்பன் ஓடி வரும் சத்தம் கேட்டது.

இதர: நான். 138/88. யாரும் கேட்கவில்லை.